டயருக்கும் ஒரு பதம் உண்டு

மான்ட்ரியலில் நவம்பர் பிறந்தாலே கராஜ்களில் கூட்டம்தான். விண்டர் டயர் மாட்ட நாள் கேட்டால் தள்ளித் தள்ளித்தான் கொடுப்பார்கள். இத்தனைக்கும் தெருவில் பெரும்பாலும் ஒரு பொட்டுப் பனி இருக்காது. புதிதாக அங்கே குடியேறி கார் வாங்கியவர், “பனி கொட்டட்டும், அப்போது மாற்றிக்கொள்ளலாமே” என்பார். நியாயமான பேச்சுதான். விண்டர் டயர் பனியில் ஓட்டுவதற்கானது என்றுதான் அனேகமாக எல்லோரும் நினைத்திருக்கிறோம். அது பாதி சரி. மீதிப் பாதி ரப்பருக்குள் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

தார் ரோடு கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும், கிட்டே குனிந்து பார்த்தால் பொடிக்கற்களின் மேடும் பள்ளமும்தான். டயர் உருளும்போது ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் நசுங்கி இறங்கி, மறுபடி எழுகிறது. கார் கிளம்புவதும் திரும்புவதும் நிற்பதும் இந்தப் பிடிமானத்தால்தான். ஒவ்வொரு சக்கரமும் ரோட்டைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. அந்த இடத்தில் ரப்பர் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். விறைத்துப்போனால் கற்களின் நுனியை மட்டும் தொட்டபடி வழுக்கும்.

கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு அடுத்தது எளிதில் புரியும். சூடாக இருக்கும்வரை இழுத்த இழுப்புக்கு வருகிற பாகு, ஆற ஆற இறுகி, கடைசியில் தட்டினால் உடைகிறது. பொருள் மாறவில்லை, சூடு இறங்கியதும் குணம் மாறிவிட்டது. ரப்பரும் இப்படித்தான். எவ்வளவு குளிரில் இறுகும் என்பது அதில் சேர்ந்த சரக்கைப் பொறுத்தது. ஆகவே டயர் செய்கிறவரும் பதம் பார்த்துத்தான் இறக்குகிறார். கோடை டயருக்கு, கொதிக்கும் ரோட்டில் குழையாத பதம். விண்டர் டயருக்கு, சிலிக்காவும் மற்றவையும் வேறு அளவில் சேர்த்து, மைனஸ் 20 டிகிரியிலும் வளைந்து கொடுக்கிற பதம்.

சாதாரண டயர் இறுகத் தொடங்கும் இடமாக டயர்க்காரர்கள் பொதுவாகச் சொல்வது 7 டிகிரி செல்சியஸ். தண்ணீர் உறைய இன்னும் 7 டிகிரி பாக்கி இருக்கிறது, பாருங்கள்! ரோடு காய்ந்து கிடக்கும், வெயில் அடிக்கும், ஆனாலும் டயர் விறைக்க ஆரம்பித்திருக்கும். 7 டிகிரி வந்ததும் சட்டென்று மாறிவிடும் என்று அர்த்தமில்லை. மெல்ல மெல்லத்தான் இறுகும். அதனால்தான் ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. நிதானமாகப் போகும்வரை கார் வழக்கம்போலத்தான் போகும். முன்னால் ஒரு குழந்தை ஓடிவந்து, பிரேக்கை அழுத்தும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஆல் சீசன் டயர் போதாதா என்றால், அது இரண்டுக்கும் நடுவான பதம். கனடாவின் ஜனவரிக்குப் போதாது.

இனி பனிக்கு வருவோம். விண்டர் டயரின் மேற்பரப்பை விரலால் தடவிப் பாருங்கள். பெரிய பள்ளங்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு ரப்பர் கட்டியிலும், பிளேடால் கீறியதுபோல நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள் இருக்கும். டயர் அழுந்தும்போது இவை விரிந்து, நூற்றுக்கணக்கான சிறு விளிம்புகளாகப் பனியைக் கவ்வும். இன்னொரு வேலையும் உண்டு. ஐஸ் மிக மோசமாக வழுக்குவது கடுங்குளிரில் அல்ல, பூஜ்ஜியத்தை ஒட்டி, மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்போது. அந்த நீரை இந்த வெட்டுகள் உள்ளே வாங்கிக்கொள்கின்றன. பள்ளம் தேய்ந்தால் இந்த வேலையெல்லாம் நடக்காது. அதனால் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்ட விண்டர் டயரை நம்பிப் பனியில் இறங்க வேண்டாம்.

“என் கார் ஃபோர் வீல் டிரைவ், எனக்கெதற்கு?” என்பவர்கள் உண்டு. நான்கு சக்கரமும் இழுத்தால் கிளம்புவது சுலபம், உண்மை. ஆனால் எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. நிற்பதில் அந்தக் கார் ஒன்றும் உசத்தியில்லை. காசை மிச்சம் பிடிக்க முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும் மாற்றுவது இன்னும் ஆபத்து. முன்பக்கம் பிடித்து நிற்க, பின்பக்கம் பிடியில்லாமல் சறுக்கி கார் சுழன்றுவிடும். மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள்: இந்தக் குறி இருந்தால் பனியில் சோதித்துத் தேறிய டயர். எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அதற்கு அப்படியொரு சோதனை கிடையாது. மான்ட்ரியல் இருக்கும் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். பக்கத்து ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் விண்டர் டயர் மாட்டியவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் 2016 முதல் தள்ளுபடி தந்தாக வேண்டும். டொரன்டோவில் இருப்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு காற்றையும் அடிக்கடி பாருங்கள். வெளியே ஐந்தாறு டிகிரி குளிர் கூடினாலே டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கிவிடும். வசந்தம் வந்து ரோடு சூடேறியதும் மறக்காமல் கழற்றிவிடுங்கள். குளிருக்கென்று வைத்த பதம் கோடையில் அளவுக்கு மீறிக் குழைந்து, வேகமாகத் தேயும், பிரேக் பிடித்தாலும் கார் தள்ளிப்போய்த்தான் நிற்கும்.