முழுக் கணக்கு யார் கையில்?

பேரிடருக்குப் பின் – தொடர் 9

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரை உலுக்கிய நிலநடுக்கங்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். 2010 செப்டம்பர் 4 அதிகாலையில் 7.1 அளவில் வந்தது முதல் அதிர்ச்சி. அதில் பெரிய உயிர்ச்சேதம் இல்லை. ஐந்தரை மாதம் கழித்து, 2011 பிப்ரவரி 22 அன்று பகல் 12.51 மணிக்கு வந்த அடுத்த பெரிய அதிர்ச்சி 185 பேரைக் கொன்றது. நகரின் கிழக்குப் பகுதிகளில் மண் சேறாகி மேலே பொங்க, வீடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

இந்த வாரம் நான் சொல்லப்போவது அதன் பிறகு நடந்தது. நிலம் அடங்கியபின் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிய இன்னொரு போராட்டம் அது. இதில் ஒரு பக்கம் வீட்டுக்காரர்கள். மறுபக்கம் அவர்கள் வருடம் தவறாமல் பிரீமியம் கட்டிவந்த காப்பீட்டு நிறுவனங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மக்கள் காப்பீடு இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. நியூசிலாந்தில் வீட்டுக்குத் தீக்காப்பீடு எடுத்தாலே அதனுடன் ஒரு சிறு வரி சேரும். அந்தப் பணம் அப்போது நிலநடுக்க ஆணையம் என்ற அரசு அமைப்புக்குப் போனது. 1942-ல் வைரராபாவில் நிலநடுக்கம் வந்தபின், 1940-களிலேயே உருவாக்கிய ஏற்பாடு இது. 2011-ல் ஒரு வீட்டுக்கு ஒரு நிகழ்வுக்கு முதல் 1,00,000 நியூசிலாந்து டாலர் வரையிலான சேதத்தை (வரி தனி) ஆணையம் தரவேண்டியிருந்தது. அதற்கு மேலே போவதைத் தனியார் நிறுவனம் ஏற்கவேண்டியிருந்தது. அன்றைய தனியார் பாலிசிகளில் பெரும்பாலானவை முழு மாற்றுக் காப்பீடாக இருந்தன. தொகைக்கு உச்சவரம்பு இருக்கவில்லை. வீட்டைப் புதிதாகக் கட்ட என்ன ஆகுமோ அது. காகிதத்தில் பார்த்தால் உலகிலேயே நல்ல பாதுகாப்புகளில் ஒன்று.

ஆகவே 'காப்பீடு உண்டா, இல்லையா' என்று அங்கே யாரும் அதிகம் சண்டையிடவில்லை. 'எவ்வளவு' என்பதில்தான் சண்டை. பெரிய இழப்புக்குப் பிறகு வரும் தகராறுகளில் மிகக் கடினமானதும் இதுதான். கிளெய்மை நிராகரித்துவிட்டால் மனிதனுக்குக் கோபம் வரும், எதிர்த்து நிற்பான். ஒரு தொகையை நீட்டி 'இதுதான் கணக்கு' என்றால், அதைச் சரிபார்க்க அவன் கையில் என்ன இருக்கிறது?

முதல் சிக்கல் எந்த அதிர்ச்சி எதை உடைத்தது என்பதில் வந்தது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஆணையத்தின் பொறுப்பு புதிதாகத் தொடங்கும் என்று 2011-ல் நியூசிலாந்து உயர் நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்காரருக்கு நல்ல தீர்ப்புதான். ஆனால் அதன் விளைவாக, ஒரு சுவரின் விரிசல் செப்டம்பரில் வந்ததா, பிப்ரவரியில் வந்ததா, ஜூனில் நேர்ந்த இன்னொரு அதிர்ச்சியில் வந்ததா என்று பிரிக்கவேண்டியதாயிற்று. செப்டம்பர் சேதத்தை யாரும் பார்வையிடுவதற்கு முன்பே பிப்ரவரி வந்துவிட்ட வீடுகள் ஏராளம். மொத்தம் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிளெய்ம்கள். சேதம் வரம்புக்குள் என்று ஆணையம் சொல்லிக்கொண்டிருக்கும்வரை தனியார் நிறுவனத்திடம் போகமுடியாது. வரம்பைத் தாண்டிவிட்டது என்று ஆணையம் ஒப்புக்கொண்டபின் தனியார் நிறுவனம் தன் ஆளை அனுப்பி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே மக்கள் வருடக்கணக்கில் அலைந்தார்கள்.

அடுத்த சிக்கல், பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்பது. சாய்ந்த அஸ்திவாரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இடைவெளியில் கட்டையையும் தகட்டையும் செருகிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று கையெழுத்துப் போட்டுப் போனார்கள். அரசின் கட்டடத் துறை ஒரு வழிகாட்டி வெளியிட்டிருந்தது. தரை இத்தனை மில்லிமீட்டருக்குள் சாய்ந்திருந்தால் ஏற்கலாம் என்ற அளவுகள் அதில் இருந்தன. ஆனால் சட்டம் சொன்னது வேறு: வீடு புதிதாக இருந்தபோது எப்படி இருந்ததோ, கிட்டத்தட்ட அந்த நிலைக்குக் கொண்டுவரவேண்டும். வழிகாட்டி வேறு, சட்டத்தின் அளவுகோல் வேறு என்பதை ஒப்புக்கொள்ளவைக்க வீட்டுக்காரர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2016-ல் ஆணையம் அவர்களோடு கூட்டறிக்கை வெளியிட்டு அதை ஏற்றது.

இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கிய கதை ஒன்று உண்டு.

கிரைஸ்ட்சர்ச்சில் பலருக்கு ஏஎம்ஐ என்ற நிறுவனத்தில் பாலிசி இருந்தது. தன் பாதுகாப்புக்காக அது வாங்கிவைத்திருந்த மறுகாப்பீடு இந்த அளவு இழப்புக்குப் போதவில்லை. அரசு தலையிட்டது. 2012 ஏப்ரலில் நடப்பு வியாபாரத்தை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, நிலநடுக்கக் கிளெய்ம்களை மட்டும் தீர்க்க 'சதர்ன் ரெஸ்பான்ஸ்' என்ற அரசு நிறுவனம் உருவானது. மக்கள் பணத்தில் இயங்கும், மக்களுக்காகவே தொடங்கிய நிறுவனம்.

அதன் பாலிசிப்படி, இடிந்த வீட்டுக்காரர் அதே மனையில் கட்டலாம், வேறு இடத்தில் கட்டலாம், அல்லது வேறு வீடு வாங்கிக்கொள்ளலாம். வாங்குவதென்றால் உச்சவரம்பு, பழைய மனையில் அதே வீட்டைக் கட்ட ஆகும் செலவு. அந்தச் செலவைக் கணக்கிட நிறுவனம் விரிவான மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைத் தயாரித்தது. அந்த அறிக்கைக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. முழு வடிவத்தில் அலுவலக உபயோகத்துக்கென்று ஒரு பகுதி; அதில் வடிவமைப்பாளர், பொறியாளர் கட்டணம், எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு போன்றவை. வீட்டுக்காரர் கைக்கு வந்த வடிவத்தில் அந்தப் பகுதி இல்லை. இப்படி ஒரு பகுதி இருப்பதாகவும் யாரும் சொல்லவில்லை.

வீடு கட்டிய எவருக்கும் தெரியும், எதிர்பாராச் செலவு இல்லாமல் எந்த எஸ்டிமேட்டும் முடிவதில்லை. தோண்டினால்தான் மண் தெரியும். அந்தத் தொகைகளை விட்டுவிட்டால் கணக்கு பெரிய அளவில் குறைந்துவிடும். 'நீங்கள் கட்டப்போவதில்லை, வாங்கத்தானே போகிறீர்கள், அந்தச் செலவுகள் உங்களுக்கு எதற்கு?' என்பது நிறுவனத்தின் வாதம். ஏவன்சைடு பகுதியில் இருந்த ஒரு வீட்டைப் பற்றிய வழக்கு இந்தக் கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-ல் நீதிமன்றம் வீட்டு உரிமையாளர் பக்கம் நின்றது. கற்பனையாகக் கட்டும் வீடென்றாலும், கட்டினால் என்னென்ன செலவு வருமோ அத்தனையும் கணக்கில் வரவேண்டும் என்பதே அதன் சாரம்.

அதற்குள் ஆயிரக்கணக்கானோர் குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். அவர்களில் ஒரு தம்பதி 2013-ல் 9 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவான தொகைக்கு, 'இதுவே முழுமையும் இறுதியுமான தீர்வு' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள். பின்னர் முழு அறிக்கை இருப்பது தெரிந்து வழக்குத் தொடுத்தார்கள். இறுதித் தீர்வு என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டதே என்ற கேள்வி அவர்கள்முன் மலையாக நின்றது. 2019-ல் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு 1 லட்சத்து 78 ஆயிரம் டாலருக்கு மேல் வழங்கத் தீர்ப்பளித்தது. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொகையைச் சற்றே குறைத்தாலும் அடிப்படையை உறுதிசெய்தது: பாதிக் கணக்கைக் காட்டி இதுதான் உங்கள் உரிமை என்று நம்பவைத்தது தவறான வழியில் இட்டுச்சென்ற செயல், அப்படிப் பெற்ற கையெழுத்துக்குப் பின்னால் நிறுவனம் ஒளிந்துகொள்ள முடியாது.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே, 2014 அக்டோபருக்கு முன் இப்படிக் கணக்கு முடித்த மற்றவர்களுக்கும் வித்தியாசத்தைத் தருவதாக நியூசிலாந்து அரசு அறிவித்தது. மதிப்பிட்ட செலவு 31.3 கோடி டாலர். ஒரு தம்பதி விடாமல் நின்றதால் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்கு வழி பிறந்தது.

இதே சதர்ன் ரெஸ்பான்ஸ் தனியார் துப்பறியும் அமைப்பு ஒன்றை அமர்த்தி, கிளெய்ம்தாரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசிய கூட்டங்களை ரகசியமாகப் பதிவுசெய்ய விட்டதையும் 2018-ல் அரசுப் பணி ஆணையத்தின் விசாரணை வெளிக்கொண்டுவந்தது. நிறுவனத் தலைவர் பதவி விலகினார். வீட்டை இழந்தவர்களை வேவு பார்க்க வேண்டியவர்களாக ஓர் அரசு நிறுவனம் நினைத்ததே என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

இவ்வளவு தொலைவில் நடந்ததை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? கையெழுத்து கேட்கும் எந்தக் கணக்கிலும், நமக்குக் காட்டியது எவ்வளவு, காட்டாதது எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும் என்பதற்காக. நம் ஊரில் இதற்குக் கதவுகள் உண்டு. சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கைப் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமை பாலிசிதாரருக்கு இருக்கிறது. பணம் தரும்போது வாங்கும் டிஸ்சார்ஜ் வவுச்சரைக் காட்டி, குறை உள்ளவரை மேலே போகவிடாமல் நிறுவனங்கள் தடுக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2015-ல் சுற்றறிக்கையே அனுப்பியது. ஆனால் கேட்டவர்கள் கையில்தான் பிரதி வரும். வீடு போய்விட்டது, வாடகை ஓடுகிறது, பிள்ளைகளின் பள்ளி தள்ளிப்போகிறது என்ற நெருக்கடியில் வந்த தொகையை வாங்கிக்கொண்டு போய்விடத்தான் மனம் சொல்லும். அந்த நெருக்கடியை நிறுவனம் அறியும். அந்த நாளில் ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள்: 'இந்தத் தொகை எப்படி வந்தது என்ற முழுக் கணக்கையும், அதற்கு அடிப்படையான அறிக்கையையும் பக்கம் விடாமல் தாருங்கள்.' பதில் வரும்வரை 'முழுமையும் இறுதியும்' என்ற வரியின் கீழ் பேனாவை வைக்காதீர்கள்.

(அடுத்த வாரம்: சர்வேயர் அறிக்கை இறுதி வார்த்தையா? இந்திய உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்)