"சுடா மண்டி?"

மலாய் பாஷையில் "மண்டி" என்றால் ஸ்நானம். "சுடா" என்றால் "ஆயிற்றா" என்று பொருள். காலையில் அண்டை வீட்டாரைக் கண்டால் "சுடா மண்டி?" என்று கேட்பது அந்நாட்டு மரியாதை, நாம் "காபி ஆயிற்றா?" என்று கேட்பதைப் போல. இவ்வளவும் தெரிந்திருந்தால் குந்தாரப்பள்ளிப் பெரியவர் ஒருவருக்குப் பினாங்கில் அத்தனை சங்கடம் நேர்ந்திராது.

குந்தாரப்பள்ளி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில் உள்ள ஊர். வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்குப் பேர்போனது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அங்கே ஒரே வாயிலிருந்து புறப்படும். மூன்று பாஷைகளில் பேரம் பேசியவருக்கு நாலாவது என்ன பிரமாதம் என்று எண்ணித்தான் பெரியவர் மகன் வீட்டுக்கு விமானம் ஏறினார். தோத்தாபுரியும் செந்தூராவும் காய்க்கும் தோப்புக்குச் சொந்தக்காரர் அவர். அத்தகையவர் காதில் "மண்டி" என்று விழுந்தால் மாங்காய் மண்டியைத் தவிர வேறு எது நினைவுக்கு வரும்?

முதல் நாள் காலை, வேலியோரம் நின்ற மலாய் மாது புன்னகையுடன் "சுடா மண்டி?" என்றாள். மண்டியில் விலை சூடாக இருக்கிறதா என்று விசாரிக்கிறாள் எனப் பெரியவர் தீர்மானித்தார். கடல் கடந்த தேசத்திலும் நம் மாங்காயைப் பற்றி இவ்வளவு அக்கறையா! மனம் நெகிழ்ந்து, "எங்கே அம்மா! மூன்று வருஷமாகவே இல்லை" என்று மூன்று விரலைக் காட்டித் தலையை இருபுறமும் பலமாக ஆட்டினார். அம்மாது திடுக்கிட்டு இரண்டடி பின்வாங்கினாள். மாலையில் மகனிடம், உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பரிவோடு விசாரித்தாளாம்.

சோற்றுக்கு அங்கே "நாசி" என்று பெயர். அக்காவை "காக்கா" என்கிறார்கள். பாலுக்கு வழங்கும் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கைக்குழந்தை உள்ள வீடுகளில் நாமும் தினந்தோறும் கேட்கும் சொல்தான். ஆனால் வேறொரு திரவத்துக்கு! தேநீரில் அதைக் கலக்கட்டுமா என்று கடைக்காரன் கேட்டதிலிருந்து பெரியவர் வெறுந் தேநீரே அருந்தி வந்தார்.

பிறகுதான் அவருக்கு உற்சாகம் பிறந்தது. சந்தையில் ஒருத்தி "மெம்பெலாம்" என்று கூவினாள். எட்டிப் பார்த்தால் கூடையில் நம் மாம்பழம்! கடைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "கெடாய்". கப்பல் அங்கும் கப்பல்தான். மூன்றும் தமிழ் கொடுத்த சொற்களே. ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின்மேல் படையெடுத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் இச்சொற்களை அங்கே விட்டு வந்தவன் போர்வீரனல்ல, வியாபாரியாகவே இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மாம்பழமும் கடையும் வாள்முனையில் பரவுகிற வஸ்துக்களா?

பிற்காலத்தில் சென்றவர்களின் கதை வேறு. கங்காணிமார் ஆசை காட்டி அழைக்க, ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆயிரமாயிரமாய்த் தமிழர் கப்பலேறினர். இந்திய சர்க்கார் 1938இல் தடை விதித்த பிறகே தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவது நின்றது. 1926 முதல் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய "ரஜூலா" கப்பலின் தட்டில், மூட்டையோடு மூட்டையாய்ப் படுத்துச் சென்றவர்கள் எத்தனையோ பேர்.

அப்படிச் சென்ற ஒருவரின் மகளைப் பெரியவர் கோயிலில் சந்தித்தார். மூதாட்டி. "பசியாறியாச்சா அண்ணே?" என்று ஆரம்பித்தாள். அந்நாட்டுத் தமிழர் காலைப் பலகாரத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். நம்முடைய "டிபனை"க் காட்டிலும் எவ்வளவோ மேல். தகப்பனார் சேலம் ஜில்லாக்காரர் என்றாள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தானே! ஊர்ப் பெயர் கேட்டதற்கு, "ஏதோ பள்ளி" என்று முடியும் என்பதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை. அவ்வளவுதான் அவளிடம் மிஞ்சியிருந்தது.

எங்கள் பக்கத்தில் "பள்ளி"களுக்கா பஞ்சம்? குருபரப்பள்ளியா, போச்சம்பள்ளியா, தொரப்பள்ளியா, எங்கள் குந்தாரப்பள்ளியேதானா என்று பெரியவர் ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள், "அதுவாகத்தான் இருக்கும் அண்ணே" என்று தலையாட்டினாளாம்.