ஸ்கூபாவுக்குக் கிளம்பும் முன் ஒரு உதிரி டப்பா

குறுவை நடவுக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய காலை. பம்புசெட் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மோட்டாரில் குறையில்லை. ஃபுட்வால்வில் வாசர் தேய்ந்துபோனதால் குழாயில் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுகிறது. பழகிய விவசாயி மோட்டார் கொட்டகையில் ஒரு டப்பா நிறைய வாசர், நட்டு, போல்ட் வைத்திருப்பார். இரண்டாவது மோட்டார் யாரும் வாங்கி வைப்பதில்லை. சிலிண்டர் காற்றோடு கடலில் மூழ்கும் ஸ்கூபா பயணத்துக்கு மூட்டை கட்டவும் இந்தக் கணக்கு போதும். பெரிய கருவி கெடுவது அரிது. பயணத்தை நிறுத்துவது பெரும்பாலும் ஒரு ரப்பர் வளையமோ அறுந்த வாரோதான்.

கடலடி வேலை நம் டெல்டாவுக்குப் புதிதல்ல. காவிரி கடலில் சேரும் பூம்புகாரில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் மூழ்கி ஆய்வு செய்திருக்கிறார்கள். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவ அமைப்பு ஒன்றை 1991-இல் பதிவு செய்தார்கள். 19 மீட்டர் ஆழத்தில் கிடந்த ஒரு கப்பல் சிதைவில் ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன.

அந்த ஆழத்தில் நிலைமை எப்படி இருக்கும்? ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 23 மீட்டரில் மேலே இருப்பதைப் போல 3.3 மடங்கு. மேலே ஒரு மணி நேரம் வரும் சிலிண்டர் காற்று அங்கே 18 நிமிடத்தில் தீர்ந்துவிடும். படகிலிருந்து பார்த்தால் பக்கத்தில் கடை ஏது? தேவையானது கையில் இருக்க வேண்டும்.

டப்பாவில் என்ன இருக்கலாம்?

ஓ-ரிங்: சிலிண்டர் வால்வும், காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் காற்றை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையம். இது வெடித்தால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். மூழ்கப்போகும் மையத்தில் என்ன அளவு என்று கேட்டு, ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரெகுலேட்டர் திருகிப் பூட்டும் டின் (DIN) வகையாகவும் அங்குள்ள சிலிண்டர் கவ்விப் பிடிக்கும் யோக் வகையாகவும் இருந்தால் அடாப்டர் வேண்டும். இதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

மாஸ்க்: வார் அறுவது சகஜம், ஒரு உதிரி வார் அவசியம். பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் என்றால் இரண்டாவது மாஸ்க்கே வேண்டும், அது இரவலாகக் கிடைக்காது. புது மாஸ்க்கின் உள்பக்கம் படலம் ஒட்டியிருக்கும். வெள்ளைப் பற்பசையால் வீட்டிலேயே பலமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் தண்ணீருக்குள் பனி மூடிக்கொள்ளும்.

மற்றவை: காலில் மாட்டும் ஃபின்னுக்கு வார், ரெகுலேட்டரின் மவுத்பீஸ், அதை இறுக்கிக் கட்ட கேபிள் டை, டைவ் கம்ப்யூட்டருக்கும் டார்ச்சுக்கும் பேட்டரி, ஆலன் கீ.

அடையாள மிதவையும் விசிலும்: நீரோட்டம் தள்ளிக்கொண்டு போனால், வங்கக் கடல் அலையில் ஒரு தலை படகுக்காரர் கண்ணில் படாது. ஆரஞ்சு நிற மிதவை படும்.

சிலிண்டரும் ஈய எடையும் மையத்திலேயே தருவார்கள், சுமக்க வேண்டாம். ரெகுலேட்டரை நீங்களே பிரிக்கவும் கூடாது. கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழுது வீட்டில் தெரிந்தால் செலவோடு போகும், படகில் தெரிந்தால் பயணமே போகும்.

விமானத்தில் போனால் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் இருக்க வேண்டும், கத்தி பெரிய பையில். பயிற்சிச் சான்று அட்டை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் மறக்க வேண்டாம். குமட்டல் மாத்திரையை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு படகேறும் முன்பே சாப்பிடுங்கள். சளி பிடித்திருந்தால், சளி மாத்திரை போட்டுக்கொண்டும் மூழ்காதீர்கள். அந்த மாத்திரையின் வேலை நடுவில் தீர்ந்தால் காதிலும் முகத்து எலும்பறைகளிலும் அடைபட்ட காற்று மேலே வரும்போது வெளியேறாது. ஐப்பசி கார்த்திகையில் நம் கரையோரம் கடல் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும். அதற்கு உதிரி கிடையாது, தேதியைத்தான் மாற்ற வேண்டும்.

திரும்பும் வழியிலும் ஒரு எச்சரிக்கை. ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் குறைந்த அழுத்தத்தில் குமிழியாகிவிடும். தஞ்சாவூர் சமவெளி, நேரே வீடு திரும்பலாம். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு அப்படியே காரை விட்டால் அதே ஆபத்து.

வீடு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கலாம், வாயில் வைத்துப் பாருங்கள். நிழலில் உலர்த்துங்கள், வெயில் ரப்பரைக் கெடுக்கும். பிறகு டப்பாவைத் திறந்து, செலவான ஓ-ரிங்குக்குப் பதில் ஒன்றை அன்றே வாங்கி வையுங்கள். வாசர் மாற்றிய கையோடு அடுத்த வாசரை வாங்கி வைக்கும் விவசாயிக்கு அடுத்த நடவில் கவலையில்லை.