பழைய தமிழ்க் கோப்பு திறக்கவில்லையா?

ஜொகூரில் தோட்ட ஆலயக் கணக்கையும் உபயகாரர் பெயர்களையும் முன்னாளில் கணினியில் தமிழில் பதிந்து வைத்தோர் உண்டு. தோட்டம் கைமாறி மக்கள் பிரிந்தபின், அக்கோப்பே எஞ்சிய சான்றாகவும் இருக்கக்கூடும். அதனை இன்று திறந்தால் சில வேளை புரியாத குறிகளே திரையில் நிற்கக் காண்கிறோம். பழுதென எண்ணி அழித்துவிடலாகாது. எழுத்துகள் உள்ளேயே உள்ளன.

மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். பிறரும் தத்தம் எழுத்துருக்களைச் செய்தனர். பிறமொழி எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழை அவரவர் போக்கில் அமர்த்தினர். ஒரு தோட்டத்து நிரை எண் மற்றொரு தோட்டத்தில் வேறு மரங்களைக் குறிப்பது போன்றதே இது. 1991இல் வெளிவந்த யூனிகோடு தமிழுக்கும் பொது எண்களைத் தந்தது; ஆயினும் பழங்கோப்புகள் தாமாக மாறுவதில்லை.

முதலில் கோப்புக்குப் படியெடுத்து, படியில் மட்டுமே முயல்க. திறக்கவே மறுப்பின், பழைய வகைகள் பலவற்றை ஏற்கும் லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். குறிகள் தோன்றின், எழுத்துருவின் பெயரைப் பார்த்து, அதற்குரிய எழுத்துரு மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றலாம். பெயர் தெரியாவிடில், அன்று தட்டச்சு செய்தவரைத் தேடிக் கேட்பதே விரைவான வழி என்போம்.