நேற்றைய இறைச்சி, இன்றைய சிற்றுண்டி

விருந்து முடிந்த மறுநாள் காலையில் நம் சமையலறையில் ஒரு கேள்வி எழுகிறது. எஞ்சியிருக்கும் இறைச்சியை என்ன செய்வது? எறிந்துவிட மனம் இசைவதில்லை. அப்படியே உண்ண நாவும் விரும்புவதில்லை. திருநெல்வேலிச் சீமையில் மிஞ்சிய குழம்புகளை ஒன்றுசேர்த்துச் சுண்டவைத்துச் சுண்டக்கறியாக்குவது பழைய வழக்கம். மிச்சத்தை இகழாமல் அதற்குப் புதுச் சுவை ஊட்டிய அறிவு அது. அதே அறிவைத் திருவனந்தபுரத்து இல்லங்களில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் போன்ற பண்டிகைகளின் மறுநாள் மிஞ்சும் மாட்டிறைச்சிக்குப் பயன்படுத்துவது எவ்வாறு என்பதை இங்கே காண்போம். மாட்டிறைச்சி உண்ணாத இல்லத்தார் ஆட்டிறைச்சிக்கும் கோழிக்கும் இம்முறையையே கைக்கொள்ளலாம்.

கேரளத்தில் 'ரோஸ்ட்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அடுப்புப் பெட்டியில் முழுத் துண்டாக வாட்டி எடுப்பது ஒன்று. மிளகும் மல்லியும் கறிவேப்பிலையும் சேர்த்து, மசாலா இறைச்சியின்மேல் திரண்டு ஒட்டும்வரை தேங்காயெண்ணெயில் வதக்கி எடுப்பது மற்றொன்று. இரண்டும் மறுநாள் ரொட்டித் துண்டுகளுக்கிடையே வைத்து வாட்டுவதற்கு ஏற்றவையே.

ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நமக்கு அயல் பொருள்களல்லவா என்று சிலர் வினவக்கூடும். தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880-ஆம் ஆண்டிலேயே பிஸ்கட் தொழிற்கூடம் நிறுவினார். அவர் வழிவந்தோர் கேரளத்து நகரங்கள் பலவற்றில் ரொட்டிக்கடைகள் நடத்தினர். பாலாடைக்கட்டியின் கதையும் அத்தகையதே. கோழிக்கோட்டில் பிறந்த வர்கீஸ் குரியன் 1949-இல் குஜராத்தின் ஆனந்த் நகருக்குச் சென்றார். அங்கு வளர்ந்த கூட்டுறவுப் பால்பண்ணையில் எருமைப்பாலைக் கொண்டு பால்பொடியும் பாலாடைக்கட்டியும் செய்யும் முறைகள் உருப்பெற்றன. ஆகவே இன்று நம் தெருமுனைக் கடையில் கிடைக்கும் இவ்விரண்டையும் அயலானவை என்று ஒதுக்க வேண்டுவதில்லை.

இனி, நேற்று இனித்த இறைச்சி இன்று ஏன் சுவைப்பதில்லை என்று பார்ப்போம். மாட்டுக் கொழுப்பு ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் நன்கு உருகுகிறது. நம் வாயின் சூடோ 37 டிகிரி. எனவே ஆறிய இறைச்சியின் கொழுப்பு நாவில் கரையாமல் மெழுகுபோல் ஒட்டிக்கொள்கிறது. தேங்காயெண்ணெய் 24 டிகிரியளவிலேயே உருகிவிடுவதால் வாயில் அவ்வாறு தங்குவதில்லை. ஆறிய இறைச்சிக்கு மீண்டும் சூடு ஊட்டினால் கொழுப்பு இளகிச் சுவை திரும்பிவரும். ஆயினும் கடுந்தீயில் நெடுநேரம் வைத்தால் எஞ்சிய சாறும் வெளியேறி இறைச்சி தோல்போல் இறுகிவிடும்.

சுவையைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் குறைவதில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். நம் சமையலறை மேசை எப்போதும் இந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் மடிவதில்லை. பெரிய இறைச்சித் துண்டு மெல்ல ஆறும்போது அதன் நடுவில் அவை முளைத்துப் பெருகுகின்றன. வேறு சில கிருமிகள் உமிழும் நஞ்சோ, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. எனவே, கெட்டதைக் கொதிக்கவைத்தால் நல்லதாகிவிடும் என்னும் எண்ணம் தவறானது. வாடையில் மாறுதல் தெரியாததாலேயே உணவு நல்லது என்று துணிவதும் தவறே.

ஆகவே மறுநாள் சிற்றுண்டியின் முதல் வேலை முந்தின நாளே தொடங்குகிறது. உணவு முடிந்ததும், இரண்டு மணி நேரத்துக்குள், எஞ்சிய இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி, அகன்ற ஆழமற்ற பாத்திரத்தில் பரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆழமான சட்டியோடு வைத்தால் அதன் நடுப்பகுதி குளிர நெடுநேரமாகும். மூன்று நாள்களுக்குள் உண்டு முடிப்பது நலம். மின்சாரம் நின்று நான்கு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டால், பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும், உள்ளிருந்த இறைச்சியை உண்ணலாகாது. சிக்கனம் நல்லதே, ஆனால் மருத்துவச் செலவில் முடியும் சிக்கனம் சிக்கனமாகாது.

இருவருக்கு வேண்டிய அளவு இது: ரொட்டித் துண்டுகள் நான்கு, இறைச்சி 150 கிராம், பாலாடைக்கட்டி 60 கிராம், நடுத்தர வெங்காயம் ஒன்று, சிறிது வெண்ணெய், ஒரு கரண்டி தேங்காயெண்ணெய், மிளகுத்தூள். இறைச்சியின் நார் ஓடும் திசைக்குக் குறுக்காக, இயன்றவரை மெல்லியதாக நறுக்க வேண்டும். நார் குறுகினால் பல்லுக்கு வேலை குறையும். எருமை இறைச்சியாயின் நார் பருமனாக இருப்பதால் இது இன்றியமையாதது.

வெங்காயத்தை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, இறைச்சியை இட்டு, எஞ்சிய மசாலாவோ இரண்டு கரண்டி நீரோ சேர்த்து மூடிவைப்போம. ஆவி எங்கும் எழுந்து, நடுத்துண்டும் கை பொறுக்காத அளவு சுட வேண்டும். வெப்பமானி இருப்பின் 74 டிகிரி காட்ட வேண்டும். பின்னர் மூடியைத் திறந்து ஈரம் வற்றவிட்டு, மிளகுத்தூள் தூவி இறக்கலாம்.

வாட்டும்போது பலர் செய்யும் பிழை ஒன்றை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். குளிர்ந்த இறைச்சியை நேராக ரொட்டிக்குள் வைத்துக் கல்லில் இடுகிறோம். ரொட்டி சிவக்கிறது, பாலாடைக்கட்டி வழிகிறது, வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறோம். ரொட்டியின் மேற்புறம் சிவக்கும்போது அதன் சூடு 140 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஆனால் ரொட்டியின் உட்புறம் காற்றறைகள் நிறைந்தது. சூடு எளிதில் உள்ளே புகாது. பாலாடைக்கட்டியோ 60 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கிவிடும். ஆகவே வெளியே சிவப்பும் ஓரத்தில் உருகலும் தெரிந்தாலும், நடுவிலுள்ள இறைச்சி வெதுவெதுப்பாகவே நின்றிருக்கலாம். இறைச்சியைத் தனியே சூடாக்கிய பின்னரே ரொட்டியிடம் சேர்ப்பதன் காரணம் இதுவே.

அடுத்து, ரொட்டித் துண்டுகளின் வெளிப்புறத்தில் வெண்ணெய் தடவுவோம். உட்புறத்தில் முதலில் பாலாடைக்கட்டி, அதன்மேல் சூடான இறைச்சி, மீண்டும் பாலாடைக்கட்டி என்று அடுக்குவோம். உருகிய கட்டி இருபுறமும் பசைபோல் பிடித்துக்கொள்வதோடு, இறைச்சியின் சாறு ரொட்டியில் ஊறிக் குழையாமலும் காக்கும். தோசைக்கல்லை மெல்லிய தீயில் வைத்து, அடுக்கிய ரொட்டியை இட்டு மூடி, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் வாட்டினால் போதும். தோசைத்திருப்பியால் சற்றே அழுத்தலாம், நசுக்கலாகாது.

பாலாடைக்கட்டிக்குப் பதிலாகப் பன்னீரை வைக்கலாமா என்று கேட்போருண்டு. சுவைக்கு வைக்கலாம், ஆனால் உருகாது. புளிப்புச் சேர்த்துத் திரித்த பாலின் புரதம் சூட்டில் இளகி ஓடுவதில்லை. பதப்படுத்திய பாலாடைக்கட்டியில் சேர்க்கப்படும் சில உப்புகளோ, நெய்ப்பசையும் புரதமும் பிரியாதபடி இணைத்து, அதைச் சீராக உருகச் செய்கின்றன.

வாட்டியதை உடனே உண்ண வேண்டும். ஒரு முறை சூடாக்கிய இறைச்சியை மீண்டும் பெட்டிக்கு அனுப்பி, மறுமுறை சூடாக்குவது தகாது. ஆதலால் அந்த வேளைக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்துக்கொள்வோம். குழந்தையின் தட்டில் வைக்குமுன் ஒன்றை நடுவில் வெட்டிப் பார்ப்போம். நடுவிலிருந்து ஆவி எழுந்தால் அச்சமின்றிப் பரிமாறலாம்.