பேட்டரியிலிருந்து ஒரு முழம்

வண்டிக்குள் ஓடும் மின்சாரம் – 14

உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில்தான் அந்த வாடை வந்தது. ரப்பர் கருகுகிற வாடை. முன்னால் போகிற லாரியின் பிரேக்காக இருக்கும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். ஏற்றிய பிறகு வாடை கூடியது. சாலையில் மேடு பள்ளம் வரும்போதெல்லாம் ஹெட்லைட் ஒரு கணம் மங்கித் திரும்பியது. அப்புறம் பாட்டு நின்றுபோனது.

ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் மெல்லிய புகை. பேட்டரியிலிருந்து கிளம்பி, இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற சிவப்பு ஒயர், அந்தத் துளையிலேயே உறை கிழிந்து கருகியிருந்தது. நான் பதறிப்போய் பிளஸ் முனையில் கை வைக்கப் போனேன். பின்னால் வண்டியை நிறுத்தியிருந்த லாரி டிரைவர் 10ஆம் நம்பர் ஸ்பேனரோடு ஓடி வந்தார். “தம்பி, பிளஸ்ல கை வைக்காதீங்க. மைனஸை மொதல்ல கழட்டுங்க!”

இரண்டே நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. அதற்கு மூன்று வாரம் முன்புதான், வாங்கிய பழைய காருக்கு ஆசையாக ஆம்ப்பும் சப் ஊஃபரும் மாட்டியிருந்தேன். ஊர் திரும்பியதும் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். “ஃபியூஸே போடலையா அண்ணே?” என்றேன். டிக்கியைத் திறந்து, ஆம்ப்புக்குப் பக்கத்தில் அழகாக உட்கார்ந்திருந்த ஃபியூஸைக் காட்டினார். “போட்டிருக்காங்களே. இடந்தான் தப்பு.”

போன வாரம் பேட்டரியைப் பார்த்தோம். இந்த வாரம் அதிலிருந்து புறப்படும் இந்தச் சிவப்பு ஒயரைப் பின்தொடர்ந்து டிக்கி வரை போவோம்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் கேட் வால்வு எங்கே இருக்கும்? தொட்டியை ஒட்டியே இருக்கும். நடுவில் குழாய் வெடித்தால் அதை மூடலாம். வால்வைக் கொண்டுபோய்ச் சமையலறைக் குழாயோரம் வைத்தால், அதை எத்தனை முறை மூடினாலும் மாடித் தண்ணீர் படிக்கட்டில்தான் ஊற்றும். என் காரில் நடந்தது அதுதான். பேட்டரிக்கும் டிக்கி ஃபியூஸுக்கும் நடுவே ஏறக்குறைய 5 மீட்டர் ஒயர் காவலே இல்லாமல் கிடந்தது. அந்த ஃபியூஸுக்கு முன்னால் எங்கே ஷார்ட் ஆனாலும் அதற்குத் தெரியாது.

ஆம்ப்பைக் காப்பதற்கு அதன் உடம்பிலேயே ஃபியூஸ் உண்டு. நாம் தனியாகப் போடும் மெயின் ஃபியூஸ் ஒயரைக் காப்பதற்கு. அதனால் அது பேட்டரி பிளஸ் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் விதி. பூக்காரம்மா அளக்கிற கணக்கில் ஒரு முழம்.

12 வோல்ட்தானே, தொட்டால் ஷாக்கூட அடிக்காதே என்ற அலட்சியம் நமக்கெல்லாம் இருக்கிறது. ஷாக் அடிக்காதுதான். ஆனால் பிளஸ் ஒயர் நேராக பாடியைத் தொட்டால், சாதாரண கார் பேட்டரியே நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டிவிடும். ஒயர் சில நொடிகளில் பழுக்கும். மேலே கிடக்கிற மேட்டும் பஞ்சும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

எவ்வளவு தடிமன் ஒயர் வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 500 வாட் ஆர்.எம்.எஸ். தருகிற கிளாஸ் டி ஆம்ப் என்று வையுங்கள். உள்ளே வாங்குவதில் 100க்கு 80 பங்கை அது சத்தமாக்குகிறது என்று கொண்டால், வாங்குவது 625 வாட். இன்ஜின் ஓடும்போது ஒயரில் இருப்பது சுமார் 13.8 வோல்ட். வகுத்தால் 45 ஆம்பியர். வீட்டில் ஒன்றரை டன் ஏ.சி. இழுப்பதே 7, 8 ஆம்பியர்தான். வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் ஏறுகிறது. ஒயரைச் சுட வைப்பது ஆம்பியர்தான்.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரையே காரில் இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. 5 மீட்டர் நீளத்துக்கு அதன் வழியே 45 ஆம்பியர் போனால், வழியிலேயே ஒன்றரை வோல்ட் தொலைந்துபோகும். அது வெறுமனே தொலைவதில்லை. சுமார் 70 வாட் சூடாக மாறுகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றை ஆன் செய்து மேட்டுக்கு அடியில் நீட்டிப் படுக்க வைத்த மாதிரி. அதே தூரத்துக்கு 21 ஸ்கொயர் எம்.எம்., அதாவது கடைக்காரர் ‘4 கேஜ்’ என்று சொல்கிற ஒயரைப் போட்டால் அந்தச் சூடு 8 வாட்டுக்கு இறங்கிவிடும்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் ‘ஆம்ப் கிட்’ என்று கேட்டால் ஒயர், ஃபியூஸ், லக் எல்லாம் ஒரே பையில் வரும். வாங்கும்போது ஒயர் நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். சுத்தச் செம்பு கடத்துவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். விலை குறைவென்று அதை எடுத்தால், ஒரு சைஸ் தடிமனாக எடுக்க வேண்டும்.

பெட்டியில் ‘3000 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்காதீர்கள்; ஆம்ப்பின் பக்கவாட்டிலுள்ள ஃபியூஸைப் பாருங்கள். 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால் மொத்தம் 50. அதை 14 வோல்ட்டால் பெருக்கினால் 700 வாட். உள்ளே போவதே 700 என்றால் வெளியே 3000 எப்படி வரும்? அந்த ஃபியூஸ் கூட்டுத்தொகைதான் உண்மையான விலாசம். அந்த ஆம்ப்புக்கு 4 கேஜ் செம்பு ஒயரும், பேட்டரியோரம் ஒரு 60 ஆம்பியர் ஃபியூஸும் போதும்.

இனி ஒயர் போகும் பாதை. தகரத்தில் துளை போட்டால் விளிம்பு கத்திபோல இருக்கும். வண்டி அதிர அதிர அது ஒயரை அறுக்கும். என் ஒயர் மூன்று வாரம் தாங்கியதே பெரிது. கம்பெனியே விட்டிருக்கிற துளையில், ரப்பர் குரோமெட் மாட்டி நுழைப்பது நல்லது. உள்ளே வந்தபின் கதவோரப் படி பிளாஸ்டிக்கின் அடியில், சீட்டின் தண்டவாளத்தில் சிக்காமல் பின்னால் போக வேண்டும். ஸ்டீரியோவிலிருந்து வரும் ஆர்.சி.ஏ. ஒயரை எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனால் ஸ்பீக்கரில் இன்ஜினின் கீச்சொலி ஏற வாய்ப்பு குறையும். வழியில் மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ கண்டால் கை வைக்கக் கூடாது. அது ஏர்பேக்.

ஆம்ப்பை முடுக்குவதற்கு ஸ்க்ரூ போடும் முன், அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பல சின்ன கார்களில் பின் சீட்டுக்கு நேர் கீழேதான் பெட்ரோல் டேங்க். அதோரமாகவே பிரேக் குழாயும் ஓடும். மேட்டுக்கு அடியில் ஆம்ப்பைப் புதைக்கவும் கூடாது. அதன் முதுகிலுள்ள அலுமினிய வரிகளுக்குக் காற்று வேண்டும்.

எர்த் ஒயரைப் பலரும் ஏனோதானோ என்று விட்டுவிடுகிறார்கள். சிவப்பு ஒயரில் போகிற 45 ஆம்பியரும் கறுப்பு ஒயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஆகவே அதே தடிமன். நீளம் இங்கேயும் ஒரு முழத்துக்குள். பாடியில் பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்டி, தகரம் பளபளவென்று தெரிந்தபின் லக் வைத்து போல்ட்டை இறுக்க வேண்டும். துரு பிடிக்காமலிருக்க மேலே கொஞ்சம் கிரீஸ். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் எடுக்காதீர்கள். அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற போல்ட்.

அந்த அண்ணன் என் காரில் மறுபடி வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் மைனஸைக் கழற்றி ஓரம் ஒதுக்கினார். லாரி டிரைவர் கத்தியதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. மைனஸ் மாட்டியிருக்கும்போது முழு பாடியும் மைனஸ். பிளஸ் நட்டைத் திருகுகிற ஸ்பேனரின் மறுமுனை எந்தத் தகரத்தில் பட்டாலும், ஸ்பேனரே ஷார்ட் ஒயராகிவிடும். மைனஸைக் கழற்றிவிட்டால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் ஒன்றுமில்லை. எல்லா ஒயரும் மாட்டி, மல்டிமீட்டரில் சிவப்புக்கும் பாடிக்கும் ஒட்டு இல்லை என்று பார்த்தபின் மைனஸை மாட்டினார். கடைசியாகத்தான் ஃபியூஸைச் செருகினார்.

சாவியைக் கொடுக்கும்போது கூடவே ஒரு 60 ஆம்பியர் ஃபியூஸையும் கையில் வைத்தார். “பாட்டு நின்னா இதைப் போடுங்க. இதுவும் போச்சுன்னா வண்டியைக் கொண்டாங்க. சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுத்திப் போட்டு ஓட்டிட்டு வர்ற ஆளுங்க இருக்காங்க. ஃபியூஸ் எரியலைன்னா வேற எது எரியும், யோசிச்சுப் பாருங்க.”

அந்த ஃபியூஸ் இன்னும் என் டாஷ்போர்டு அறையில் பிரிக்காத பொட்டலமாகக் கிடக்கிறது. வண்டியில் ஏறுகிறவர்கள் ஊஃபரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பானெட்டைத் திறந்து அந்த ஒரு முழத்தைக் காட்டுகிறேன்.

(அடுத்த வாரம்: ‘கெயின்’ குமிழை முழுக்கத் திருகினால் ஸ்பீக்கர் ஏன் கிழிகிறது?)