வேலிக்கு ஓணான் சாட்சியா?

விடுமுறைக்கு ரயிலில் ஊருக்குப் போய் வந்த நம் ராமச்சந்திராபுரம் தமிழ்க் குடும்பங்கள் இன்று பிள்ளைகளைப் பார்க்க விமானத்தில் அமெரிக்கா போகின்றன. நம் நகரின் மறுகோடியில், ஆதிபட்லாவில், டாட்டாவும் போயிங்கும் சேர்ந்து நடத்தும் தொழிற்சாலையில் போயிங் 737 விமானத்தின் வால் துடுப்பு தயாராகிறது. ஆகவே விமானத் தொழிலில் பாதுகாப்பு என்பது நமக்கும் வீட்டு விஷயம்தான்.

2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் இரண்டு புதிய 737 மாக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் மாண்டனர். மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தால் அதைத் தாழ்த்த ஒரு தானியங்கி ஏற்பாடு அதில் இருந்தது. அது ஒரே ஓர் உணர்கருவியை நம்பியது. அக்கருவி தவறாகச் சொன்னதும், விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதையே முதல் விபத்துவரை விமானிகளுக்குச் சொல்லவில்லை!

ரயில்வேயில் எங்களுக்கு முதல் பாடமே வேறு. பழைய கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். இழுக்கும் கம்பி அறுந்துபோனால் கை தானாகவே கிடையாக நின்று 'நில்' என்று காட்டும். எது பழுதானாலும் வண்டி நிற்க வேண்டும், உயிர் போகக்கூடாது.

அமெரிக்காவில் கோளாறு கருவியோடு நிற்கவில்லை. சோதித்துச் சான்றளிக்கும் அரசுப் பணியில் பெரும்பகுதியைப் போயிங் ஊழியர்களிடமே அரசு ஒப்படைத்திருந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி! நம் நாட்டிலோ 1941-லேயே ரயில்வே ஆய்வாளர்களை ரயில்வே போர்டிடமிருந்து பிரித்துவிட்டார்கள். இன்றும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ்தான் இருக்கிறார். புதுப் பாதையில் பயணிகள் வண்டி ஓட அவர் அனுமதி வேண்டும். நான் பணியிலிருந்த காலத்தில் அவர் வருகிறார் என்றால் பெரிய அதிகாரிகளும் கைகட்டித்தான் நிற்பார்கள்.

அதனால் ரயில்வேயில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. 2023-ல் பாலசோர் விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் சிக்னல் பிரிவின் தவறுகளே காரணம் என்று எழுத ஆணையரின் பேனா தயங்கவில்லை. தனித்து நிற்பதன் பயன் அதுதான்.

பொறுப்பு ஏற்பது எப்படி? 1956 நவம்பரில் அரியலூர் விபத்து நடந்ததும் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தைக் கட்டியவர் அவரல்லர். ஆனாலும் துறை அவருடையது. போயிங்கின் தலைவரும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டார். கம்பெனி 250 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டு 2021-ல் வழக்கைத் தள்ளிவைத்துக்கொண்டது. பணம் கொடுத்தால் பழக்கம் மாறுமா? 2024 ஜனவரியில், பறக்கும்போதே ஒரு மாக்ஸ் விமானத்தின் பக்கவாட்டுக் கதவடைப்பு பிய்த்துக்கொண்டு போனது. நான்கு போல்ட்டுகளைத் தொழிற்சாலையில் திரும்ப மாட்டவே இல்லை. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

நம் பிள்ளைகள் பலர் இத்தகைய தொழிற்சாலைகளில் வேலைக்குச் செல்கிறார்கள். "மேலதிகாரி அவசரப்படுத்தினாலும், பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடாதே" என்று பெற்றோர் சொல்லி அனுப்ப வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் முகம் தெரியாத குடும்பங்கள் விமானம் ஏறுகின்றன.